வாசலில் 22 ஃபிரேம்

நாங்கள் ஆடும் கணினி விளையாட்டில், கடலில் இருந்து படகில் வந்து கரை இறங்கும் வரைக்கும் ஒரு தொல்லையும் இருக்காது. மேட்டில் ஏறி எங்கள் கோட்டை வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்த பிறகுதான் அது தொடங்கும். முதலில் நடை கொஞ்சம் கனக்கும். அப்புறம் மவுஸைத் திருப்பினால் பார்வை ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். வாசலுக்குள் காலை வைத்ததும் மூலையில் இருக்கும் எண் 22 என்று காட்டும். ஒரு நொடிக்கு 22 ஃபிரேம், அதாவது திரையில் நொடிக்கு 22 படம். ஏழு மாதம் நான்கு பேர் சேர்ந்து கல் கல்லாகக் கட்டிய இடம் அது. உலகத்தில் வேறெங்கே போனாலும் ஓடும் கணினி, அந்த வீட்டுக்கு வந்தால் மட்டும் திணறும். எனக்கு அது ஏதோ அவமானம் மாதிரி இருந்தது.

விளையாட்டு வால்ஹைம். ஆடியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: நண்பர்களோடு சேர்ந்து ஒரு காட்டு உலகத்தில் வீடு கட்டி, பூதங்களோடு சண்டை போட்டுப் பிழைக்கும் விளையாட்டு. 2021 பிப்ரவரியில் ஐந்தே பேர் கொண்ட குழு ஒன்று வெளியிட்டது. டவுன்லோடு அப்போது சுமார் 1 ஜிபிதான். படங்களைப் பார்த்தால் புள்ளி புள்ளியாக, பழைய காலத்து விளையாட்டுபோலத் தெரியும். என் குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது. இதைவிடப் பத்து மடங்கு அழகான, கண்ணைப் பறிக்கும் விளையாட்டுகளெல்லாம் இதே கணினியில் 60 ஃபிரேமில் ஓடுகின்றன. இது ஏன் என் வீட்டு வாசலில் மட்டும் மண்டியிடுகிறது?

எங்கள் நால்வரில் ஒருவன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "கார்டு பழசுடா. மாத்து, சரியாயிடும்." அந்த வார்த்தை பல வாரம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவனிடம் என்னுடையதைவிட இரண்டு தலைமுறை புதிய கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் வரைந்து தரும் பாகம், இருந்தது. அதே வாசலில் அவனுக்கு வந்ததோ 29. திறந்த புல்வெளியில் எனக்கு 85, அவனுக்கு 140. வெளியில் அவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டும் கார்டு வாசலில் ஏழு ஃபிரேம் மட்டும் தந்தால், அந்த இடத்தில் வேலை செய்து களைப்பது கார்டு இல்லை என்றுதானே பொருள்? இந்தக் கேள்வியை நாங்கள் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. செட்டிங்ஸைத் திறந்தோம்.

செட்டிங்ஸ் என்ற காடு

மூன்று மாலை நேரம் அதில் போனது. நிழலைக் குறைத்தேன். புல் பூண்டின் அளவைக் குறைத்தேன். மூலைகளில் இருட்டு சேர்க்கும் எஸ்எஸ்ஏஓ, சூரியக் கதிர்கள், புளூம், மோஷன் பிளர், தூரத்து மங்கல் என்று காட்சிக்கு மெருகூட்டும் எல்லாவற்றையும் அணைத்தேன். ஒவ்வொன்றையும் மாற்றி, விளையாட்டை மூடித் திறந்து, புல்வெளியில் ஒரு முறையும் வாசலில் ஒரு முறையும் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டேன். புல்வெளியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பலன் தெரிந்தது. வாசலில் 22 என்பது 23 ஆகும், மறுபடி 22 ஆகும்.

கடைசியில் ரெசல்யூஷனில் கை வைத்தேன். 1920க்கு 1080 என்று இருந்ததை 1280க்கு 720 ஆக்கினேன். திரையில் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. புல்வெளியில் எண் 120ஐத் தாண்டியது. வாசலில் 23. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மூன்று மாலைகள் மிச்சமாகியிருக்கும். ஃபிரேம் குறைகிறது என்று யார் வந்து சொன்னாலும் இன்று நான் முதலில் சொல்வது இதைத்தான்: ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பார். எண் ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. ஏறாவிட்டால் கார்டு சும்மா உட்கார்ந்து, கணக்குப் போடும் பிராசசருக்காகக் காத்திருக்கிறது. படம் வரைபவன் தூரிகையோடு தயாராக இருக்கிறான், என்ன வரைய வேண்டும் என்று சொல்பவன்தான் இன்னும் பட்டியலை எழுதி முடிக்கவில்லை.

"பிராசசர் 30 சதவீதம்கூட ஓடலையே" என்றுதான் எல்லோரும் உடனே கேட்பார்கள். நானும், எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதைத்தான் பார்த்தேன். பிராசசர் 30, கார்டு 40. இரண்டுமே ஓய்வாக இருக்க, விளையாட்டு மட்டும் தவழ்கிறது. இந்த 30 என்ற எண் ஏமாற்றும். என்னுடையது நான்கு கோர், எட்டு த்ரெட். அதாவது உள்ளே நான்கு கணக்கர்கள், ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை. அதில் ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட நூறு சதவீதம் ஓடினால், மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். பெரும்பாலான விளையாட்டுகளில், குறிப்பாக வால்ஹைம் பயன்படுத்தும் யூனிட்டி போன்ற எஞ்சின்களில் (விளையாட்டைக் கட்ட அடித்தளமாக இருக்கும் மென்பொருள்), உலகத்தின் நிலையைக் கணக்கிடும் முக்கிய வேலை ஒரு மெயின் த்ரெட்டில்தான் நடக்கிறது. மற்ற கோர்கள் உதவிக்கு வரும். ஆனால் அந்த ஒருவன் முடிக்காமல் அடுத்த ஃபிரேம் பிறக்காது. டாஸ்க் மேனேஜரில் வரைபடத்தை வலது சொடுக்கி ஒவ்வொரு லாஜிக்கல் பிராசசரையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் ஓரளவு பிடிபடும். அங்கேயும் விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதனால்தான் ரெசல்யூஷன் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன்.

சிலர் அப்ஸ்கேலிங் போடச் சொன்னார்கள். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றன. கார்டின் சுமையைக் குறைக்க அருமையான வழிதான். சுமை கார்டில் இல்லாத இடத்தில் அவற்றுக்கும் வேலை இல்லை. ரெசல்யூஷனைக் குறைத்தபோது கிடைக்காதது அவற்றிலும் கிடைக்காது. 2022இல் டிஎல்எஸ்எஸ் 3 வந்ததில் இருந்து ஃபிரேம் ஜெனரேஷன் என்ற பேச்சும் இருக்கிறது. இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்து நுழைப்பது. 22ஐ 44 என்று காட்டிவிடும். ஆனால் விளையாட்டு என் கையைக் கவனிப்பது அப்போதும் நொடிக்கு 22 முறைதான். நடுவில் நுழைக்க அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் கூடும். எனக்கு எண் வேண்டாம். மவுஸைத் திருப்பினால் தலை திரும்ப வேண்டும்.

கை அறிந்த கணக்கு

இந்த இடத்தில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில்தான் அதன்மீது நம்பிக்கை போயிற்று. 2011இல் த டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் ஒரு கேள்வியை எழுப்பினார். ஒரு நொடியில் 60 ஃபிரேம் வந்தது என்று சராசரி சொல்கிறோமே, அந்த நொடிக்குள் என்ன நடந்தது? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி நொடி ஆனது என்று அவர் தனித்தனியாக அளந்து வரைந்து காட்டினார். ஒரே சராசரி காட்டும் இரண்டு கார்டுகளில் ஒன்று வழுக்கிக்கொண்டு போவதும் இன்னொன்று இடறி இடறிப் போவதும் அந்தக் கோட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு விமர்சனம் எழுதுபவர்களின் பழக்கமே மெல்ல மாறியது. இன்று எல்லோரும் போடும் "1 சதவீத லோ" (மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகம்) என்ற எண் அந்தச் சிந்தனையின் வழி வந்ததுதான்.

மில்லி நொடியில் யோசிக்க ஆரம்பித்தால் கணக்கே வேறாகிவிடுகிறது. 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லி நொடி. என் வாசலின் 22 என்றால் 45 மில்லி நொடி. 120இல் இருந்து 144க்குப் போக எத்தனை காசு செலவழித்தாலும் மிச்சமாவது ஃபிரேமுக்கு 1.4 மில்லி நொடிதான். 30இல் இருந்து 40க்கு வந்தால் 8 மில்லி நொடிக்கு மேல் மிச்சம். எண்ணைப் பார்த்தால் அங்கே 24 கூடுகிறது, இங்கே வெறும் 10. ஆனால் கை அறிவது இந்தப் பத்தைத்தான். கீழ்மட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஃபிரேமும் பொன். மேலே இருப்பவர்களின் அறிவுரை நமக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "எப்படி ஃபிரேமைக் கூட்டுவது" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்த 45 மில்லி நொடியில் என் பிராசசர் யாருக்காக உழைக்கிறது" என்று கேட்டேன்.

எஃப்2

விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வந்தது. மற்ற மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வால்ஹைமில் எஃப்2 விசையை அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். யார் யார் இருக்கிறார்கள், இணைப்பு எப்படி என்பதோடு "இன்ஸ்டன்சஸ்" என்று ஓர் எண்ணும் இருக்கும். அதுவரை அதைக் கவனித்ததே இல்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த நேரம் உயிரோடு ஏற்றப்பட்டிருக்கும் பொருள்களின் எண்ணிக்கை அது. அன்று அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு தாளோடு, புல்வெளியில் இருந்து வீட்டை நோக்கி நடந்தேன். ஓடவில்லை. சில அடி நடப்பது, நிற்பது, எழுதுவது.

புல்வெளியில் 2,500 இன்ஸ்டன்ஸ், 85 ஃபிரேம். ஓடைப் பாலத்தில் 6,000, ஃபிரேம் 55. பன்றிப் பட்டி கண்ணில் பட்ட இடத்தில் 11,000, ஃபிரேம் 34. வாசலில் 16,800. மூலையில் 22.

தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். மரத்தையும் பாறையையும் வானத்தையும் நிழலையும் சந்தேகப்பட்டு மூன்று மாலை ஓடியிருந்தது. காட்டின் பங்கு அதில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். மீதிப் பதினான்காயிரமும் நாங்கள் கையால் வைத்தது. ஒவ்வொரு பலகை, ஒவ்வொரு கல், ஒவ்வொரு தீப்பந்தம், சுவரில் மாட்டிய ஒவ்வொரு கேடயம்.

அன்றைக்குத்தான் இந்த வகை விளையாட்டுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது எனக்குப் புரிந்தது. கதை சொல்லும் ஒரு விளையாட்டில் ஓர் அரண்மனை வருகிறது என்றால், அந்த அரண்மனை எங்கே இருக்கும், வெளிச்சம் எப்படி விழும், எந்த அறையில் நின்றால் எது தெரியாது என்பதெல்லாம் செய்தவர்களுக்கு முன்பே தெரியும். ஆயிரம் கல்லை ஒரே உருவமாக உருக்கி வைத்துவிடுவார்கள். நிழலை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரில் பூசிவிடுவார்கள். தெரியாத அறையை வரையவே மாட்டார்கள். நம் கணினிக்குக் கிடைப்பது சமைத்து முடித்த உலகம். வால்ஹைம் போன்ற ஒன்றில் நான் எங்கே எதை வைப்பேன் என்று யாருக்கும் தெரியாது. இன்று சுவராக இருக்கும் கல்லை நாளை நான் பெயர்க்கலாம், ஒரு பூதம் வந்து உடைக்கலாம். அதனால் அந்தக் கல் தனியாகவே இருந்தாக வேண்டும். கீழே இருப்பது தன்னைத் தாங்குகிறதா என்று அது பார்க்கிறது. மரமாக இருந்தால் மழையில் நனைகிறேனா என்று பார்க்கிறது, மேலே கூரை இல்லாவிட்டால் மெல்லச் சிதைகிறது. நான்கு பேர் கணினியிலும் தன் நிலை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பதிவேடும் வைத்திருக்கிறது. சமையல் அடுப்பின் புகைகூட வெறும் படம் இல்லை. கூரையில் வழி விடாவிட்டால் அறைக்குள் தங்கி ஆளை மூச்சுத் திணற வைக்கும் அளவுக்கு அது நிஜமாக மிதக்கிறது. பதினாறாயிரம் பொருளுக்கு இந்தக் கவனிப்பு. அதையெல்லாம் சுமப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை த்ரெட். படம் எளிமையாக இருப்பதற்கும் சுமை கூடுவதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்தத் தாளில் இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அந்த ஐந்து பேர்மேல் மரியாதை கூடியது. நாங்கள் அந்த உலகத்தில் வைத்த எதையும் அது மறக்கவில்லை. எங்களுக்காக அத்தனையையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் நினைவில் வைத்துக்கொண்டிருந்தது.

எதை இடிப்பது

மாலையில் நால்வரும் கூடியதும் தாளைப் படித்துக் காட்டினேன். கார்டு மாற்றச் சொன்னவன் உடனே "அப்போ இடிக்கணுமா?" என்றான். எங்களில் இளையவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடியில் இருக்கும் நீண்ட கூடம் அவன் கட்டியது. நாங்கள் வென்ற ஒவ்வொரு தலையும், கண்டெடுத்த ஒவ்வொரு ஆயுதமும் அங்கே வரிசையாக மாட்டப்பட்டிருந்தது. மாட்டும் கொக்கி ஒரு பொருள், அதில் தொங்குவது இன்னொரு காட்சி. கணக்குப்படி முதலில் போக வேண்டியது அந்தக் கூடம். "அண்ணா, அதை மட்டும் கடைசியில பாக்கலாமா?" என்றான். சரி என்றேன்.

முதலில் விலங்குகள். பட்டியில் பன்றிகள் எழுபதைத் தாண்டியிருந்தன. தீனியும் பரந்த இடமும் இருந்தால் அவை பெருகும், யாரும் எண்ணுவதில்லை. எண்ணிக்கையில் எழுபது சிறிதுதான். ஆனால் சுவர்போல ஒரு விலங்கு சும்மா நிற்பதில்லை. எங்கே போவது, யாரைப் பார்த்து மிரள்வது, எது பசி என்று ஒவ்வொன்றும் யோசிக்கிறது. பன்னிரண்டு மட்டும் வைத்துக்கொண்டோம். இன்ஸ்டன்ஸ் கணக்கில் அறுபதுதான் குறைந்தது, ஃபிரேம் மூன்று ஏறியது. எல்லாப் பொருளும் ஒரே எடை இல்லை என்று அப்போது தெரிந்தது.

அடுத்தது வெளிச்சம். சுற்றிலும் தீப்பந்தங்கள் நட்டிருந்தோம். ஒவ்வொன்றும் தனி விளக்கு, ஒவ்வொன்றும் நிழல் விழ வைக்கும். இங்கே மட்டும் செட்டிங்ஸ் கைகொடுத்தது. ஒரே நேரத்தில் எத்தனை விளக்குகள் எரியலாம், எத்தனை நிழல் தரலாம் என்று வால்ஹைமில் தனித்தனியாக வரம்பு வைக்கலாம். நிழல் தரும் விளக்குகளைக் குறைத்ததும் இரவில் வந்துகொண்டிருந்த திடீர் இடறல் நின்றது. பகலில் ஒரு மாற்றமும் இல்லை.

பெரிய வேலை மதில். ஆரம்ப நாளில் அவசரத்தில் 1க்கு 1 கல்லாக அடுக்கிவிட்டோம். ஒரு பக்கம் 60 மீட்டர், உயரம் 8, நான்கு பக்கம், இரட்டைச் சுவர். பெருக்கினால் 3,840 கல். அதே விளையாட்டில் 4க்கு 2 என்று ஒரு பெரிய கல் இருக்கிறது. எட்டுச் சின்னக் கல் நிற்கும் இடத்தில் ஒன்று. மதில் முழுவதையும் அதில் திருப்பிக் கட்டினால் 480 போதும். இரண்டு வார இறுதி அதற்கே போனது. பார்ப்பதற்கு ஒரே மதில், பழையதைவிட நேராகவே இருந்தது. உள்ளே தரைப் பலகைகளையும் அதே மாதிரி 1க்கு 1ஐ எடுத்துவிட்டு 2க்கு 2 போட்டோம். நாலு போய் ஒன்று. புதிதாகக் கோட்டை கட்டப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். சின்னத் துண்டை மூலைக்கும் வளைவுக்கும் மட்டும் எடுங்கள்.

மண்ணையும் சொல்ல வேண்டும். அகழி தோண்டுவது, மேட்டைச் சமன் செய்வது போன்றவை முன்பு மிகக் கனமான வேலைகள். குந்தாலியின் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாக நினைவில் நின்றது. 2021 ஏப்ரல் மாத அப்டேட்டில் அந்த முறையை மாற்றினார்கள். பழைய உலகங்களில் தோண்டியதைப் புதிய முறைக்கு மாற்ற "ஆப்ட்டெரெய்ன்" என்று, விளையாட்டுக்குள் கட்டளைகளை எழுதும் கன்சோலில் ஒரு கட்டளையும் கொடுத்தார்கள். எங்கள் உலகம் அதற்குப் பிறகு தொடங்கியது என்பதால் எங்களுக்கு அதில் பலன் இல்லை. பழைய உலகம் வைத்திருப்பவர்கள் முயலலாம், உலகத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும்விட அதிகம் கொடுத்தது இடம் மாற்றம். ஆளைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தைத்தான் விளையாட்டு உயிரோடு வைத்திருக்கிறது. அதைத் தாண்டியவை தூங்கிவிடும். வயலையும் பட்டியையும் உலைக் களத்தையும் ஒரே மதிலுக்குள் வைத்திருப்பதால்தான் அத்தனையும் ஒன்றாக விழித்திருக்கின்றன. வயலையும் பட்டியையும் ஓடைக்கு அந்தப் பக்கம் வெகு தூரத்துக்குக் கொண்டுபோய், போய்வர போர்ட்டல் வைத்தோம், ஒரு பக்கம் நுழைந்தால் தூரத்தில் இருக்கும் மறுபக்கம் வெளியே விடும் மாய வாசல். கோட்டை என்று தொடங்கியது சின்னச் சின்னக் குடியிருப்புகளாகப் பிரிந்தது. எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு வயலுக்குப் போய்வருவது என்று ஒரு வேலை வந்ததே பிடித்துவிட்டது.

இதற்கிடையில் கணினியிலும் ஒரு பிழை கண்ணில் பட்டது. என் ரேம், அதாவது கணினியின் நினைவகம், 3200 வேகம் கொண்டது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை இயக்காததால் வாங்கிய நாளில் இருந்து 2133இல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி போக வேண்டிய பாதையில் 17 ஜிபிதான் போயிருக்கிறது. இப்படிப் பல்லாயிரம் சின்னப் பொருள்களைத் தேடித் தேடிப் படிக்கும் வேலையில் பிராசசர் பாதி நேரம் நினைவகத்துக்காகக் காத்திருக்கும். அதன் உள்ளே இருக்கும் கேஷ் என்ற சின்ன, வேகமான நினைவகத்தில் அவ்வளவும் அடங்காது. 2022இல் 96 எம்பி எல்3 கேஷோடு வந்த ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி பிராசசர் இந்த மாதிரி விளையாட்டுகளில் பெயர் வாங்கியதற்குக் காரணம் அதுதான். பயாஸில் ஒரு வரியை மாற்றியதில் எனக்கு ஏழு ஃபிரேம் வந்தது. கார்டு மாற்றினால் கிடைத்திருக்கும் அதே ஏழு, செலவே இல்லாமல். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் எழுதியிருக்கும். ரேம் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒற்றைத் தகடாக இருக்கிறதா, இரண்டும் சரியான ஸ்லாட்டில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

மற்றபடி, கணினியை வேகமாக்குகிறோம் என்று வரும் பூஸ்டர் மென்பொருள், ரெஜிஸ்ட்ரி வித்தைகள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சோதித்தேன். விளையாட்டின் பூட் கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி சேர்ப்பதை நிறையப் பேர் சொல்வார்கள். என் கணினியில் எதிலும் அளக்கும்படி மாற்றம் இல்லை.

யார் முதலில் நுழைவது

எங்களில் ஒருவன் லேப்டாப்பில் ஆடுபவன். அவன் இருந்தால் எங்கள் எல்லோருக்குமே விலங்குகள் தாவித் தாவி ஓடும், அடித்த அடி ஒரு நொடி கழித்து விழும். இணைப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். இதற்கும் காரணம் வேறு இடத்தில் இருந்தது. வால்ஹைமில் ஓர் இடத்தின் விலங்குகளையும் பௌதிகத்தையும் கணக்கிடுவது சர்வர் இல்லை. அந்த இடத்துக்கு முதலில் வந்தவரின் கணினி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். மற்றவர்களுக்கு அதில் இருந்துதான் செய்தி வரும். லேப்டாப்காரன் எப்போதும் முதல் ஆளாக உள்ளே வந்து அடுப்பு மூட்டுகிறவன். அவனுடைய ஃபேன் தூசி அடைத்து, சூட்டில் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, அந்த நிலையில் எங்கள் எல்லோருடைய பன்றிகளையும் சுமந்துகொண்டிருந்தான். பல மாதம் அவனைக் கேலி செய்திருக்கிறோம். அன்று மன்னிப்புக் கேட்டோம்.

ஃபேனைச் சுத்தம் செய்து, சார்ஜரில் போட்டு, பவர் மோடை மாற்றினான். அவனுக்கு 45 மில்லி நொடிக்கும் மேல் ஆகிக்கொண்டிருந்தது 30க்குக் கீழே வந்தது. பிராசசர் பலமாக இருப்பவன் முதலில் உள்ளே போக வேண்டும், லேப்டாப்காரன் கடைசியில் வர வேண்டும் என்று ஒரு ஒழுங்கும் வைத்துக்கொண்டோம்.

எல்லாம் முடிந்த அன்று வாசலில் நின்று எஃப்2 அழுத்தினேன். 7,900 இன்ஸ்டன்ஸ், 54 ஃபிரேம். கார்டின் மென்பொருளில் 50 என்று வரம்பு வைத்தேன். 54க்கும் 47க்கும் நடுவே ஊசலாடுவதைவிட ஒரே சீராக 20 மில்லி நொடிக்கு ஒன்று வருவது கைக்கு எவ்வளவோ இதம். என் மானிட்டர் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை. நொடிக்கு 60 முறை மட்டும் படம் மாற்றும் சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் இந்த 50 சீராகத் தெரியாது. 60ஐ எட்ட முடிந்தால் 60இலும், முடியாவிட்டால் 30இலும் கட்டுவதுதான் அங்கே சரி.

மாடிக் கூடத்தை நாங்கள் தொடவே இல்லை. கடைசியில் பார்க்கலாம் என்று வைத்த அந்தக் கடைசி வரவில்லை. அன்றிரவு நால்வரும் படகில் இருந்து இறங்கி ஒன்றாக மேட்டில் ஏறினோம். பலசாலி முதலில், லேப்டாப் கடைசியில். வாசலுக்குள் வந்ததும் எல்லோரும் மவுஸை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எண்ணைப் பார்க்கவில்லை. இளையவன் நேராக மாடிக்குப் போய், கூடத்தின் கோடியில் நின்று, கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணா, இந்தப் பக்கம் ஒரு கோபுரம் கட்டலாமா?"

எஃப்2 அழுத்தினேன். 7,912.

"கட்டு. 4க்கு 2 கல்லு எடு."